கதம் தால்

டிசம்பர் 3

பிரின்சிபால் அறையில் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. என்.சி.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியைக்கு முதுகில் அறுவை சிகிச்சை. ஜூன் வரை வரமாட்டார். "நீங்க ஹிஸ்டரி. குடியரசு தினமெல்லாம் உங்க சப்ஜெக்ட்தானே" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? கையெழுத்துப் போட்டேன். அப்பா இப்போது என்னோடு இருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கையெழுத்து வாங்கியிருப்பார்.

ஜனவரி 26, நேதாஜி விளையாட்டரங்கம். மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது பெண்கள்.

டிசம்பர் 4

அப்பா ராத்திரி குளியலறை வாசலில் நின்றுவிட்டார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதாம். ஹாலில் நன்றாக நடக்கிறவர் நிலைவாசல் வந்தால் நின்றுவிடுகிறார். பார்க்கின்சனில் இது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு அது சகஜமாகத் தெரியவில்லை.

டிசம்பர் 6

முதல் பரேடு. காலை ஆறரைக்கு மைதானத்தில் வேலூருக்கே பழக்கமில்லாத குளிர். பட்டாலியனிலிருந்து வந்திருக்கும் ஹவில்தாரை எல்லோரும் உஸ்தாத் என்கிறார்கள். இமாச்சலக்காரர். தமிழில் அவருக்கு "சாப்டியா", "சீக்கிரம்", "அழக்கூடாது" மூன்றும் நன்றாக வரும். மற்றதெல்லாம் இந்தி. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி மொழிபெயர்க்கிறாள். திட்டுகளை மட்டும் விட்டுவிடுகிறாள். 1778இல் வேலி ஃபோர்ஜில் வாஷிங்டனின் படைக்கு ட்ரில் சொல்லிக்கொடுத்த பிரஷ்யக்காரர் ஷ்டோய்பனுக்கும் ஆங்கிலம் தெரியாது. அவருடைய வசவுகளையே துபாஷி மூலம்தான் சிப்பாய்களுக்குச் சொன்னார்கள். முதலில் நூறு பேர் அளவில் ஒரு மாதிரிக் கம்பெனியைப் பழக்கி, அவர்களை வைத்து மற்றவர்களைப் பழக்கினார். உஸ்தாதும் அதே வழி. மூன்றாம் ஆண்டுப் பெண்களைத் தனியாக நிறுத்தி, ஆளுக்கு நான்கு புதுப் பெண்களைப் பிரித்துக்கொடுத்தார்.

அதற்கு முன் உயரவாரியாக நிறுத்தினார். இது நான் பார்த்தேயிராத வித்தை. நெட்டை வலது கோடி, குட்டை இடது கோடி, எல்லோரும் ஒரே வரிசை. பிறகு எண் சொல்கிறார்கள்: ஏக், தோ, தீன்… ஒற்றைப்படை ஓரடி முன்னால், இரட்டைப்படை ஓரடி பின்னால். ஒன்றாம் எண் அசையக்கூடாது. ஒற்றைப்படைக்காரர்கள் வலது பக்கம் திரும்பி அவளை நோக்கி வர, இரட்டைப்படைக்காரர்கள் இடது பக்கம் திரும்பிச் சுற்றிவந்து அவர்கள் வாலைப் பிடித்துக்கொள்கிறார்கள். மும்மூன்று பேராக வந்து நிற்க, மூன்று வரிசை ஆகிவிடுகிறது. நின்றபின் பார்த்தால் இரண்டு ஓரமும் நெட்டை, நடுவில் குட்டை, எங்கேயும் சட்டென்று ஏற்ற இறக்கம் இல்லை. யாரும் யாரையும் "நீ இங்கே வா" என்று இழுக்கவில்லை. நான் மறுபடி செய்துகாட்டச் சொன்னேன். உஸ்தாதுக்குச் சந்தோஷம்.

ஒன்றாம் எண், அதாவது தர்ஷக், ஒரு பி.எஸ்ஸி. பெண். ஐந்தடி எட்டு இருப்பாள். இத்தனை வருஷம் கூனிக் கூனி நின்று உயரத்தை மறைத்துப் பழகியிருக்கிறாள். இவளை வைத்துத்தான் மற்றவர்கள் வரிசை பார்க்க வேண்டுமாம்.

டிசம்பர் 7

உடம்பெல்லாம் வலி. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் 10

முழுக் காலையும் சாவ்தான், விஷ்ராம். வேறெதுவும் இல்லை.

சாவ்தான் என்றால் குதிகால் இரண்டும் சேர்ந்து, முன்பாதம் முப்பது டிகிரி விரிந்து, மூடிய கை கால்சட்டைத் தையலோடு, கட்டைவிரல் முன்னால். விஷ்ராமுக்கு இடது கால் பன்னிரண்டு அங்குலம் தள்ளிப் போக வேண்டும். ஒருத்திக்குப் பத்து, ஒருத்திக்குப் பதினாறு. உஸ்தாத் ஒரு குச்சியை வெட்டி எடுத்துவந்து ஒவ்வொரு ஜோடிக் காலுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார்.

காலைத் தூக்கி அடிக்கிற சத்தம் கடுகு பொரிகிற மாதிரி வருகிறது. ஒரே 'டப்'பாக வர வேண்டும். ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை, பெண்கள் உயிரைக் கொடுத்துத்தான் செய்கிறார்கள். இடைவேளையில் டீ குடிக்கும்போது உஸ்தாத் சொன்னார். கட்டளைக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதியை இழுத்துச் சொல்ல வேண்டும், என்ன வரப்போகிறது என்பதற்கு அது. பிறகு சும்மா இருக்க வேண்டும். கடைசிப் பாதி சுருக்கென்று விழ வேண்டும். பெண்கள் அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் பொறுக்கமாட்டாமல் கிளம்பிவிடுகிறார்கள். பிந்துகிறவளைக்கூடச் சரிசெய்துவிடலாம், முந்துகிறவள்தான் பெரிய தலைவலி.

மருந்தாக ஒரு குறும்பு செய்தார். "ஸ்க்வாட்… சாவ்…" என்று இழுத்துவிட்டு மேலே சொல்லவே இல்லை. மரத்தைப் பார்த்தார். காக்கையைப் பார்த்தார். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அதற்குள் ஏழெட்டுக் கால்கள் டப் டப். அவர்களுக்கே சிரிப்பு. திரும்பத் திரும்ப இதே. கடைசியில் அரை நிமிஷம்வரை ஒருத்தியும் அசையவில்லை. "…தான்" விழுந்தபோது ஒரே சத்தம். மைதானத்துக் கோடியில் மாடு மேய்த்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

டிசம்பர் 11

அப்பாவை நடக்கச் சொல்ல வாய்தவறி "தேஜ் சல்" என்றேன். ஹாலில் புயல்.

"இதுக்காடா அறுபத்தஞ்சுல அடி வாங்குனோம்?" கோபம் வந்தால் நானும் 'டா'தான். அப்போது அவர் பி.யூ.சி. மாணவர். 1965 ஜனவரி 26 அன்று வீட்டுக் கூரையில் கறுப்புக் கொடி கட்டியவர். அன்றுதான் இந்தி முதன்மை ஆட்சிமொழி ஆகிற நாள், குடியரசு தினத்தையே துக்க நாளாக அனுசரிக்கச் சொல்லியிருந்தது தி.மு.க. அப்பாவின் முழங்கையில் லத்தித் தழும்பு இன்னும் இருக்கிறது.

பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் நானும் ஒன்றைச் சொன்னேன். 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்தில் இருமொழிக் கொள்கையோடு இதுவும் இருந்தது: என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது.

"அப்புறம் ஏன் நீ கத்துற?"

சட்டமன்றம் சொல்லி நிற்காததை நான் எங்கே நிறுத்துவது. ரசம் ஆறிவிட்டது.

டிசம்பர் 15

ஒரு பெண்ணுக்கு இடது காலோடு இடது கை போகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி மைதானத்துக்கு வரும்போது சரியாகத்தான் நடந்து வருகிறாள், 'தேஜ் சல்' என்றதும் மாறிவிடுகிறது. யோசித்தால் வரும் நோய் இது. மற்றவர்கள் சிரிக்க, அவளுக்கு இன்னும் மோசமாகிறது. உஸ்தாத் அவளைத் தனியாகக் கூட்டிப்போய், கையைத் தொங்கவிட்டு வெறுமனே நடக்கச் சொல்லி, ஊரைப் பற்றி விசாரித்துக்கொண்டே கூட நடந்தார். பேச்சுவாக்கில் கை தானாக ஆடத் தொடங்கியது. "இப்ப கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம்" என்று தோள் உயரம்வரை ஏற்றினார். வரிசைக்குள் வந்ததும் மறுபடி கோளாறு. நாளை பார்க்கலாம்.

டிசம்பர் 18

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம், முப்பது அங்குலத்துக்கு ஒன்று. அதுதான் ஓர் அடி. நிமிஷத்துக்கு நூற்றிருபது அடி. குட்டைப் பெண்களுக்கு முப்பது அங்குலம் எட்டவில்லை, தாவுகிறார்கள். தாவினால் தலை மேலும் கீழும் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் வந்து படுக்கையறையிலிருந்து குளியலறைவரை தரையில் மஞ்சள் டேப் ஒட்டிவிட்டுப் போனார், பதினைந்து அங்குலத்துக்கு ஒன்று. "கோட்டைத் தாண்டுங்க ஐயா, நடக்காதீங்க." அப்பா நான்கு கோடு தாண்டினார். வாசலில் நின்றுவிட்டார்.

டிசம்பர் 19

மழை. பரேடு இல்லை. நிம்மதி.

டிசம்பர் 24

பெண்கள் மொபைலில் ஒரு வீடியோ கொண்டுவந்தார்கள். விமானப்படையின் 'சுப்ரதோ' ட்ரில் அணி. துப்பாக்கியைச் சுழற்றி, தூக்கிப்போட்டு, ஒருவர் எறிய ஒருவர் பிடிக்கிறார். கட்டளை கிடையாது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை யாரும் வாய் திறப்பதில்லை. அமெரிக்க மரைன் படையின் சைலன்ட் ட்ரில் அணியும் இதே ரகம், 1948லிருந்து செய்கிறார்கள். "மேம், நாமளும் இந்த மாதிரி ஒண்ணு பண்ணலாம் மேம்."

உஸ்தாத் வீடியோவை முழுக்கப் பார்த்தார். ரசித்தார். பிறகு எல்லோரையும் வராந்தா சிமென்ட் தரையில் நிறுத்தி, "சரி, கட்டளை இல்லாமல் செய்யுங்கள்" என்றார். துப்பாக்கி இல்லை, எறிதல் இல்லை. வலது பக்கம் திரும்பு, நில், இடது பக்கம் திரும்பு, நில். அவ்வளவே. முதலில் எல்லோரும் உரக்க "ஏக், தோ-தீன், ஏக்" எண்ண வேண்டும். அடுத்த முறை முன்வரிசை மட்டும் எண்ணும். அடுத்த முறை முணுமுணுப்பு. பிறகு உதடு மட்டும். பிறகு அதுவும் இல்லை. முணுமுணுப்புவரை பிரமாதமாக வந்தது, உதட்டை மூடியதும் சிதறிவிட்டது. 'தோ-தீன்' என்பது அசையாமல் நிற்கிற நேரம், அதை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நீளத்துக்கு வைத்திருக்கிறாள்.

அதன்பின் கண்ணை மூடச் சொன்னார். ஆச்சரியம், கொஞ்சம் மேம்பட்டது. பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் செய்கிறவள் எப்போதும் அவளுக்குப் பின்னால்தான் செய்கிறாள், கண் மூடினால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வராந்தாவில் இருபத்தேழு குதிகால்களும் ஒரே தடவை கேட்டன. ஒரே ஒரு தடவைதான். யாரும் வீடியோ எடுக்கவில்லை.

டிசம்பர் 29

வில்லியம் மெக்நீல் என்ற வரலாற்றாசிரியரின் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். 1941இல் அவரைப் படையில் சேர்த்து டெக்சாஸில் பயிற்சிக்கு விட்டிருக்கிறார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிப் படை, ஆனால் பழக வேண்டிய ஆயுதம் போதவில்லை. வேறு வேலை இல்லாததால் வெயிலில் மணிக்கணக்காக அணிநடை. பயனற்ற வேலை என்று தெரிந்தும் அதில் ஏதோ ஒரு பூரிப்பு இருந்ததை அவரால் மறக்க முடியவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, 1995இல், நடனத்தையும் ட்ரில்லையும் சேர்த்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார். சேர்ந்து அசைகிற உடம்புகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது அவர் கட்சி.

எனக்கு முழுச் சம்மதமில்லை. அந்த ஒட்டுதல்தான் ஊர்வலத்துக்கும் உதவியது, கொலைக்கும் உதவியது. மெக்நீலும் அதை மறைக்கவில்லை. இருந்தாலும் இன்று காலை பெண்கள் போகும்போது வராந்தாவில் நான் தனியாக நடக்கிறேன் என்று நினைத்தேன். என் செருப்பு அவர்கள் பூட்ஸோடு சேர்ந்துதான் விழுந்துகொண்டிருந்தது. எப்போது சேர்ந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 4

பொட்டு, கம்மல், பூ எதுவும் கூடாது என்று உத்தரவு. ஒரு பெண்ணின் அம்மா போனில் அழுதார். ஜனவரியில்தான் நிச்சயதார்த்தமாம், மூக்குத்தியைக் கழற்றினால் துளை தூர்ந்துபோகுமாம்.

நான் பாடம் எடுப்பது வேலூரில். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி கிராடக் போட்ட விதிகள்: பரேடில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே அளவு. கூடவே தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. அடுத்த ஜூலை 10 அன்று விடிவதற்குள் கோட்டையில் சிப்பாய்கள் எப்படிக் கலகம் செய்தார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் போர்டில் எழுதிப் போடுகிறேன். காரணங்கள் பல, திப்புவின் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். ஆனால் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று ஒருத்தர் முகத்தில் கை வைப்பது சின்ன விஷயமில்லை என்பதை இந்த ஊர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்த அம்மாவிடம், மூக்குத்தியின் மேல் தோல் நிறப் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளட்டும் என்றேன். உஸ்தாத் மேலே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 8

மோசமான நாள். ஒருத்தி நின்ற இடத்திலேயே சரிந்தாள். நாடியில் அடி. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள், வெறும் வயிறு. சிற்றுண்டிப் பணம் மூன்று மாதமாக வரவில்லை, கேட்டால் 'ஃபைல் போயிருக்கு'. எங்கே போயிருக்கிறது என்று கேட்டால் அதற்கும் அதே பதில்.

முழங்காலை விறைப்பாகப் பூட்டி நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். கெண்டைச்சதை அசைந்தால்தான் மேலே ஏறும். உஸ்தாத் இதைச் சொல்லாமலில்லை. பூட்ஸுக்குள் கால்விரலை ஆட்டிக்கொண்டே இருங்கள், யாருக்கும் தெரியாது, முழங்காலில் ஒரு மயிரிழை தளர்வு வையுங்கள். பயத்தில் எல்லோரும் விறைக்கிறார்கள். நாளையிலிருந்து நான் வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கி வருகிறேன்.

இதையெல்லாம் விட்டுவிடலாம் போலிருக்கிறது. அப்பா சாப்பிடவில்லை. கை நடுக்கத்தில் சட்டையெல்லாம் சாம்பார்.

ஜனவரி 11

விடியற்காலை நான்கு. அப்பா சமையலறை வாசலில். எத்தனை நேரமாக நிற்கிறாரோ. டேப், கோடு, "தாண்டுங்கப்பா" எதுவும் பலிக்கவில்லை. பாதித் தூக்கத்தில், கட்டிப்போன தொண்டையில் என் வாய் பாட்டுக்கு "ஏக்… தோ… ஏக்" என்றது. இடது கால் எழுந்தது. அப்புறம் வலது. ஃபிரிட்ஜ்வரை நிற்காமல் போனார்.

அங்கே போய்த் திரும்பி, "என் வீட்ல இந்தியா?" என்றார்.

ஜனவரி 12

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே இருக்கிற தாளம் தடுமாறும்போது வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தால் மூளை வேறு வழியாகக் காலுக்குச் சொல்கிறது, மெட்ரோனோம்கூட வைக்கலாம் என்றார். எல்லா நேரமும் வேலை செய்யாது, மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரத்தில் முக்கியமாக.

அப்பா "ஒண்ணு, ரெண்டு"க்கு ஒப்புக்கொண்டார். சுமாராக நடந்தது. மெட்ரோனோம் ஆப்பைக் கேட்டு எரிச்சல். சாயங்காலம் பார்த்துக்கொள்ள வருகிற அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "வந்து பாரும்மா." அப்பா கையை முஷ்டியாக்கிக்கொண்டு "இந்தி… ஒழிக! தமிழ்… வாழ்க!" என்று குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். வாசலைத் தாண்டும்போது 'ஒழிக'வில் இடது கால்.

ஜனவரி 16

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பத்து நாளில் மறந்துவிடுவார்கள்.

ஜனவரி 24

ஒத்திகை. மறக்கவில்லை. வேறு சிக்கல்.

பாண்டு வாத்தியம் ஒரு கோடியில், நாங்கள் மறு கோடியில். பெரிய டிரம் அடிக்கு இடது கால் விழ வேண்டும். எங்கள் பெண்கள் விழவைக்கிறார்கள், ஆனால் எதிரில் வரும் ஆயுதப்படைக்காரர்கள் கால் வேறாக இருக்கிறது. யார் தப்பு என்று ஒரே குழப்பம். கணிதம் படிக்கிறவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். நிமிஷத்துக்கு நூற்றிருபது என்றால் ஓரடிக்கு அரை வினாடி. அரை வினாடியில் சத்தம் போகிற தூரம் நூற்றெழுபது மீட்டர். அந்தத் தூரத்தில் நிற்கிறவளுக்கு அங்கே அடிக்கிற இடது இங்கே வலதாகத்தான் வந்து சேரும். தப்பு யார் மேலும் இல்லை. உஸ்தாதுக்கு இந்தக் கணக்கு புதிது, ஆனால் வைத்தியம் தெரிந்திருந்தது: டிரம்மை விடு, உன் முன்னால் போகிறவள் குதிகாலைக் கேள்.

வளைவில் திரும்பும்போது இன்னும் புடைக்கிறது. உள்ளே இருக்கிறவள் அடியைச் சுருக்கிக் காத்திருக்க வேண்டும், கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கதம் தால், வெளியே இருக்கிறவள் எட்டி வைக்க வேண்டும். உள்ளே இருப்பவளுக்குச் சும்மா கால் மாற்றிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை.

ஜனவரி 26

நாலரைக்கு எழுந்தேன். எனக்கு யூனிபார்ம் கிடையாது, கைத்தறிச் சேலை. அப்பா டி.வி. முன்னால். "இதே நாள்ல நான் கூரை மேல ஏறிட்டிருந்தேன்" என்றார். "கறுப்புத் துணி கிடைக்கலைன்னு உங்க பாட்டியோட குடையைக் கிழிச்சேன்." இந்தக் குடைச் சமாச்சாரம் எனக்குப் புதிது.

கலெக்டர் மேடையைக் கடப்பதற்கு ஆகிற நேரம் இருபது வினாடிகூட இருக்காது. "தாஹினே… தேக்." இருபத்துநான்கு நாடிகள் ஒரே வெட்டாக வலப்பக்கம் திரும்பின. வலதுகோடியில் போகிறவர்கள் திரும்பக்கூடாது, நேரே பார்த்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் மொத்தப் படையும் சாய்ந்துவிடும். நெட்டைப் பெண் அப்படிப் போனாள். கூனவில்லை. கைதட்டல் எல்லாம் தலை திருப்பியவர்களுக்கு.

கை கால் மாறும் பெண் நடுவரிசையில். மேடைக்கு முன்னால் சரியாகப் போனாள், மேடை தாண்டியதும் மாறிவிட்டது. அதை நானும் உஸ்தாதும்தான் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பரிசு போலீஸ் அணிக்கு. பெண்கள் பரோட்டா கேட்டார்கள். என் செலவு.

ஜனவரி 30

பிரின்சிபால் ஒரு படிவம் தந்திருக்கிறார். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்.சி.சி.க்குத் திரும்பப் போவதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டாராம். நான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதென்றால் குவாலியரில் பெண் அதிகாரிகளுக்கான பயிற்சிக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில். வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

தம்பிக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. அக்கா, ராத்திரி தங்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் படிவத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார், பின்பக்கம் இருந்த இந்தியைத் தவிர. "போயிட்டு வா" என்றும் சொல்லவில்லை, "போகாதே" என்றும் சொல்லவில்லை. குவாலியரில் குளிர் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். இன்றைக்கு ராத்திரி கோஷம், எண்ணிக்கை இரண்டுமே வேலை செய்யவில்லை. மாத்திரை ஏறுகிறவரை இருவரும் வாசலிலேயே நின்றோம். காலையில் பட்டாலியனுக்கு எப்படியும் போக வேண்டும், சிற்றுண்டி ஃபைல் வந்துவிட்டதாம், ரசீதெல்லாம் மூன்று பிரதி கேட்கிறார்கள்.